ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்தால் ஐடிலிங் பிரஷர் ஏறாது

"இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் இறங்கினால், ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வையுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. அந்த வால்வ் ஆயில் பிரஷர் எல்லை மீறும்போதுதான் திறந்து, மிகுதி ஆயிலைத் திருப்பிவிடும். பல பழைய இன்ஜின்களில் அந்த எல்லை 50–60 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு). ஐடிலிங்கில் 8 பிஎஸ்ஐ காட்டும்போது வால்வ் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடியிருப்பதை மேலும் அழுத்தி என்ன பயன்? காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் எகிறி ஃபில்டர் சீல் பிதுங்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கைக் கழற்றுவதென்றால் பிளஞ்சரையும் (ஸ்பிரிங் தள்ளும் அடைப்பான்) அது உட்காரும் சீட்டையும் பாருங்கள். அங்கே ஓர் உலோகத் துகள் சிக்கி வால்வ் முழுதாக மூடாமல் நின்றால் பிரஷர் நிஜமாகவே விழும்.

அதற்கும் முன்னால், டேஷ்போர்டு மீட்டரை நம்பிவிடாதீர்கள். இன்ஜினிலிருந்து மீட்டருக்கு சிக்னல் அனுப்பும் சென்டரை (sender) கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, 20 நிமிடம் ஓட்டியபின் ஐடிலிங்கிலும் 2000 ஆர்பிஎம்மிலும் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையும், ஊற்றாமலே ஏறிய லெவலும் இருந்தால், மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்பின் டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்திருக்கலாம். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இவை சரியென்றால் சம்ப்பை இறக்கி ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்திலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் அடைப்பைப் பாருங்கள். பிறகு கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் கெட்டி ஆயில் ஊற்றுவது அந்தத் தேய்மானத்தை மறைக்குமே தவிர, குணமாக்காது.