அந்த வயல் சும்மா கிடக்கவில்லை

"மேற்குப் பக்கம் இவ்வளவு நிலம் சும்மாதானே கிடக்கிறது, அதில் வீடு கட்டினால் என்ன?" போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர் கேட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தச் "சும்மா" என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விவரம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது), கிழக்கே ஆஷ்பர்ன் பக்கம். 1970இல் இந்தக் கவுண்டி முழுவதிலுமே 37,150 பேர்தான் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 4,20,959 பேர். பால் பண்ணையும் சோளக்கொல்லையுமாக இருந்த கிழக்குப் பாதி, ஒரு தலைமுறைக்குள் வீடும் கடையும் தரவு மையமுமாக மாறிவிட்டது. என் வீடு நிற்பதும் ஒரு காலத்தில் யாரோ உழுத மண்ணில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டியதில்லை.

மேற்குப் பாதி இன்னும் கிராமம்தான். ப்ளூ ரிட்ஜ் மலை வரை குதிரைப் பண்ணை, கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, தார் போடாத சாலை. அந்த மண் சாலைகள் மட்டும் 250 மைலுக்கு மேல் இருக்கின்றன. ஆல்டி என்ற சிற்றூரில் 1809இல் கட்டி முடித்த மாவு ஆலை ஒன்று அதன் இரட்டை நீர்ச் சக்கரங்களோடு இன்றும் நிற்கிறது. புளூமாண்ட், டெய்லர்ஸ்டவுன், கூஸ் கிரீக், ஓட்லண்ட்ஸ் என்று பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள் இன்னும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதலாம். நான் வாட்டர்ஃபோர்டு என்ற ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். கவுண்டியின் தலைநகரான லீஸ்பர்க்கைத் தாண்டியதும் சாலை குறுகிவிடும். ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் பள்ளத்தாக்கில் ஊர் தெரியும். ஒரு பெரிய தெரு, அதிலிருந்து பிரியும் சில சின்னத் தெருக்கள், கல்லாலும் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிய வீடுகள், தெருக்கோடியில் ஓடையருகே பழைய செங்கல் மாவு ஆலை. ஆலையைத் தாண்டினால் வயல். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் கண் கடைசியில் பச்சையில்தான் போய் முடியும். ஊருக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஒரு கடைவரிசை கிடையாது. ஊர் முடிகிற இடத்தில் முடிகிறது. கிழக்கே குடியிருக்கும் நமக்கு இந்தக் காட்சியே புதிது. ஆஷ்பர்ன் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று நம்மில் யாருக்காவது சொல்லத் தெரியுமா?

1733 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஏமஸ் ஜானி என்ற குவேக்கர் இந்த ஓடைக்கரையில் குடியேறினார். குவேக்கர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர், போர் கூடாது என்பவர்கள், பின்னர் அடிமைமுறையும் கூடாது என்று உறுதியாக நின்றவர்கள். ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கோதுமை வந்தது, மாவு போனது. பிறகு ரயில் வந்தது, ஆனால் வாட்டர்ஃபோர்டுக்கு வரவில்லை. தண்டவாளம் ஊரை விட்டு விலகித் தெற்கே போயிற்று. வியாபாரம் அதன் பின்னால் போயிற்று. இடித்துக் கட்டப் பணமில்லாததால் ஊர் அப்படியே நின்றுவிட்டது. பழைய ஊர்கள் பலவற்றுக்கும் முதல் காவலாளி வறுமைதான். ஆனால் அந்தக் காவலாளியை நம்பி எத்தனை நாள் இருக்க முடியும்? கூரை ஒழுகினால் வறுமை வந்து அடைக்காது.

அடைத்தவர்கள் மனிதர்கள். 1930களில் சேம்பர்லின் சகோதரர்கள் இருவர் பாழடைந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் செப்பனிட்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வீடுகளைத் திறந்து காட்டி, கைவினைப் பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். வந்த காசு பழைய கட்டடங்களுக்குப் போயிற்று. 1970இல் மத்திய அரசு வாட்டர்ஃபோர்டை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. என் நண்பர் கவனிக்க வேண்டியது இங்கேதான். அறிவிக்கப்பட்டது வீடுகள் மட்டுமல்ல, சுற்றியுள்ள வயல்களையும் சேர்த்து 1,420 ஏக்கர். குவேக்கர்கள் கட்டியது வீட்டு வரிசையை அல்ல, ஒரு விவசாய ஊரை. வயல் இல்லாவிட்டால் ஆலை எதற்கு? வயலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய வீடுகளின் ஒரு கூட்டம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மத்திய அரசு பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சொந்தக்காரர் தன் சொந்தப் பணத்தில், தன் நிலத்தில் எதையாவது செய்தால் அந்தப் பட்டியல் அவரைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் என்றால்தான் அதிகாரிகள் நின்று யோசிக்க வேண்டும். கவுண்டி தன் சட்டத்தில் அந்த இடத்தை வரலாற்று வட்டாரம் என்று வகுத்திருந்தால் வெளியே தெரியும் மாற்றங்களுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அது ஓரளவு பிடி. ஆனால் வயலைக் காப்பாற்ற அதுவும் போதாது. இனி எந்தக் காலத்திலும் இங்கே வீடு கட்டுவதில்லை என்று சொந்தக்காரரே பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துவைத்தால் அது நிற்கும். அல்லது நிலத்தையே விலைக்கு வாங்க வேண்டும்.

வாட்டர்ஃபோர்டுக்காரர்கள் இரண்டையும் செய்தார்கள். ஆலைக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஃபிலிப்ஸ் பண்ணை என்று 144 ஏக்கர் இருக்கிறது. அங்கே வீடுகள் எழும்பும் நிலை வந்தபோது பல லட்சம் டாலர் திரட்டி 2003இல் அதை வாங்கிவிட்டார்கள். சில நூறு பேரே இருக்கும் ஊர்! இன்று அங்கே யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நண்பர் "சும்மா" என்றது இந்த மாதிரி நிலத்தைத்தான். அதற்கு எத்தனை பேர் காசோலை எழுதினார்கள், எத்தனை பேர் எத்தனை மாலை நேரங்களைக் கூட்டங்களில் கழித்தார்கள் என்று அந்தப் புல்லைப் பார்த்தால் தெரியாது.

இனி என் மகளைப் பற்றி. நான்காம் வகுப்பில் அவளை வாட்டர்ஃபோர்டின் செகண்ட் தெருப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். ஒரே அறை, மரப்பலகைச் சுவர். அடிமைமுறை ஒழிந்த மறு ஆண்டில், 1866இல், ஊரின் கறுப்பின மக்கள் தங்கள் பெயரிலேயே நிலம் வாங்கினார்கள். 1867இல் அதில் இந்தப் பள்ளியைக் கட்டினார்கள். குவேக்கர்களும் விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையும் உதவினார்கள். 1957 வரை பள்ளி நடந்தது. இன்று அங்கே போகும் பிள்ளைகளுக்கு 1880இன் ஒரு பள்ளி நாளை நடத்திக்காட்டுகிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் காலத்தில் அங்கே படித்த உண்மையான குழந்தை ஒன்றின் பெயரைக் கொடுக்கிறார்கள். அன்று முழுவதும் அந்தப் பெயருக்குத்தான் எழுந்து நிற்க வேண்டும்.

உடன் போன பெற்றோர்களில் நானும் ஒருவர். என் மகள் மர பெஞ்சில் நுனியில் உட்கார்ந்து, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சிலேட்டுக் குச்சி கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு என் ஒன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. எச்சில் தொட்டு அழித்ததும் வந்தது. அவளுக்கு அது எதுவும் தெரியாது. ஆனால் திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "அந்தப் பெண்ணின் அப்பாவையும் அம்மாவையும் படிக்கவே விடவில்லையாம், அவள்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவாளாம். நிஜமா?" அவளுக்குக் கொடுத்த பெயருக்கு உரிய சிறுமியைத்தான் கேட்டாள். ஒருவேளை அப்படித்தான் இருந்திருக்கும் என்றேன். வர்ஜீனியாவில் கறுப்பினத்தவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி கூட்டுவதே உள்நாட்டுப் போருக்கு முன் சட்ட விரோதம். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. அந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு அது இரண்டு வரி இல்லை.

அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியை சாரா ஸ்டீர் என்ற குவேக்கர் பெண். இவருக்கு இன்னொரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா பிரிந்துபோன தென்மாநிலங்களோடு நின்றது. வாட்டர்ஃபோர்டு நிற்கவில்லை. 1864இல் சாரா ஸ்டீரும், லிடா டட்டன், லிசி டட்டன் என்ற சகோதரிகளும் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். எதிரிப் பிரதேசத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒன்றியத்துக்கு, அதாவது வடமாநிலங்களின் பக்கத்துக்கு, ஆதரவாக எழுதினார்கள், பால்டிமோரில் அச்சாயிற்று. எட்டு இதழ்கள் வந்தன. விற்ற பணம் காயம்பட்ட வீரர்களின் மருத்துவத்துக்குப் போயிற்று. அதே ஆண்டு இறுதியில், தென்மாநிலங்களின் கொரில்லாப் படைக்குத் தானியம் கிடைக்கக்கூடாது என்று ஒன்றியப் படையே வந்து இந்தப் பகுதியின் களஞ்சியங்களையும் ஆலைகளையும் எரித்தது. தங்களை ஆதரித்த குவேக்கர்களின் களஞ்சியங்களையும் விடவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் பத்திரிகையை நிறுத்தவில்லை. போர் முடிந்ததும் சாரா ஸ்டீர் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். இந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வராமல் இருப்பதில்லை.

குறையைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். ஊரின் கறுப்பின மெத்தடிஸ்டுகள் 1891இல் கட்டிய ஜான் வெஸ்லி தேவாலயம் இருக்கிறது, அதில் ஞாயிறு வழிபாடு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பள்ளியைக் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஊரில் இல்லை. பாதுகாக்கப்பட்ட ஊரில் வீட்டு விலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சுவர் நின்று, சுவருக்கு உள்ளே வாழ்ந்தவர்கள் போய்விட்டால் அது பாதிக் காப்பாற்றல்தான். மிச்சப் பாதியை அந்தப் பள்ளி செய்கிறது. அங்கே இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நம் வாசலுக்கு வருகிறேன். ஆஷ்பர்னிலும் ஒரு கறுப்பினப் பள்ளி இருக்கிறது, 1890களில் கட்டியது, நாம் தினமும் போகும் சாலையிலிருந்து அதிக தூரமில்லை. இன்றைய பள்ளி ஒன்றின் மாணவர்கள் காசு சேர்த்து அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் ஓர் இரவு சில பதின்வயதுப் பையன்கள் அதன் சுவரெங்கும் நாஜிகளின் ஸ்வஸ்திகாவும் இனவெறி வாசகமும் கிறுக்கிவைத்தார்கள். நீதிபதி அவர்களைப் புத்தகம் படித்து அறிக்கை எழுதும்படி தண்டித்தார். செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. நன்கொடை குவிந்து பள்ளி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. இங்கே குடியிருக்கும் நம்மில் எத்தனை பேர் அதை நேரில் பார்த்திருக்கிறோம்? நான் போவதற்கே ஐந்து வருடமாயிற்று, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தரவு மையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அங்கேதான் பிழைப்பு. அவை கட்டும் வரியால்தான் வீட்டு வரி இந்த அளவில் நிற்கிறது, பள்ளிகள் இப்படி இருக்கின்றன. ஆனால் அவற்றின் மின்சாரப் பசிக்கு உயரழுத்தக் கம்பிகளை மேற்குப் பக்கத்து வயல்கள் வழியே கொண்டுபோகலாமா என்ற பேச்சு எழும்போது, அங்கே "சும்மா நிலம்தானே" என்று நாம் தலையாட்டக் கூடாது. அந்தப் பேச்சு நம் வீட்டு விளக்கிலும் நம் மேசையிலும்தான் தொடங்குகிறது. வயலின் விலையை அங்கிருப்பவர்கள் மட்டும் கொடுக்கட்டும் என்று விடுவது நியாயமில்லை. லீஸ்பர்க்கில் கவுண்டி மன்றம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தும்போது நம் ஆட்கள் எழுந்து பேச வேண்டும். பள்ளி எல்லையை மாற்றுகிறார்கள் என்றால் மட்டும் நாற்பது பேர் போகிறோமே.

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் வாட்டர்ஃபோர்டு போகிறோம். ஆலையருகே காரை நிறுத்திவிட்டு, ஃபிலிப்ஸ் பண்ணையில் ஓடையோரமாக நடந்து, திரும்பும்போது செகண்ட் தெரு வழியாக வருவோம். மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும், பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. இட்லி நாங்கள் கட்டிக்கொண்டு வருகிறோம்.