சாவேஜ் பாலத்தின் 1869

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சாவேஜ் என்ற ஊரில், லிட்டில் படக்ஸன்ட் ஆற்றின் மேல் நிற்கும் பால்மன் டிரஸ் (இரும்புச் சட்டக) ரயில் பாலம் "1869இல் சாவேஜ் பஞ்சாலைக்காகவே அங்கு கட்டப்பட்டது" என்று ஒரு பதிவில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு சரிதான். இடம் மட்டும் சரியில்லை.

1869இல் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே இதை முதலில் நிறுவியது வேறோர் இடத்தில். அங்கிருந்து கழற்றி, 1887இல்தான் சாவேஜுக்குக் கொண்டுவந்து, ஆலைக்குப் போகும் கிளைப்பாதையில் பொருத்தினார்கள். ஒரு ரயில் பாலத்தை அப்படித் தூக்கிவர முடியுமா என்று தோன்றலாம். முடியும். பொறியாளர் வெண்டல் பால்மனின் வடிவமைப்பில் அழுத்தம் தாங்கும் பாகங்கள் வார்ப்பிரும்பு, இழுவிசை தாங்கும் கம்பிகள் தேனிரும்பு. பாலத்தின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தளத்தின் ஒவ்வொரு குறுக்கு விட்டத்திலிருந்தும் சாய்வுக் கம்பிகள் இரு முனைத் தூண்களின் உச்சிக்கு நேராகப் போகும். அந்தக் கம்பிகளின் நுனியில் துளை, துளைக்குள் முளை (ஆணி போன்ற இரும்புத் துண்டு). முளையைக் கழற்றினால் பாகம் பாகமாகப் பிரித்துவிடலாம். எனக்கு இந்தப் பாலத்தில் மிகவும் பிடித்ததே இதுதான்.

சரிபார்ப்பது எளிது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் பாலத்தின் பெயரோடு சாவேஜ் என்று சேர்த்துத் தேடினால், அமெரிக்கப் பொறியியல் மரபுப் பதிவேட்டின் வரைபடங்களும் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கும். 2000இல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது தயாரித்த ஆவணத்திலும் இடமாற்றம் பதிவாகியிருக்கிறது. அதில் 1887 என்ற ஆண்டைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பதிவிலும் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்.