உன் சம்மதம் வேண்டாம்டி, உன் கேள்வியைக் கொடு

முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன்தான் என்பதை நம்மூரில் யாரும் விவாதிப்பதே இல்லை. விவாதமெல்லாம் நாள் நட்சத்திரம் பற்றித்தான். அதனால் “இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி பண்றேன்” என்று நான் சொன்னதும் என் நெருங்கிய தோழி கொதித்ததில் ஆச்சரியமில்லை. “தையல் பிரிஞ்சா என்னடி பண்ணுவ? வீட்ல ஒரு புள்ள இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்” என்றாள். அதோடு விடாமல், 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்துபோனதையும் இழுத்தாள்.

அதுதான் சுருக்கென்றது. பக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டர், ஏற்றுவதற்குத் தயாராக ரத்தம், குழந்தையின் துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கருவி, எந்த நேரமும் டாக்டர் என்று எல்லாம் இருக்கும் இடத்தில் வலிக்குக் காத்திருப்பதும் வீட்டில் பெற்றுக்கொள்வதும் ஒன்றா?

இந்த மாதிரி நேரத்தில் “உன் உடம்பு, உன் முடிவு, யார் பேச்சையும் காதில் வாங்காதே” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் தோழி ஒன்றும் கல்யாண வீட்டில் வயிற்றைப் பார்த்து ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று ஜோசியம் சொல்லும் அத்தை இல்லை. அவள் பிரசவத்தில் ராத்திரி முழுக்க வலியில் கிடந்து, கடைசியில் அவசர அவசரமாகத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் திட்டும்போது பாதி அந்த ராத்திரிதான் பேசுகிறது. ஆனால் நிறைமாத வயிற்றோடு அவள் பயத்தை ஆற்றும் வேலையையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக, அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் கேள்விகளை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனேன்.

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டார். வெளியே தெரியும் தழும்பு முக்கியமில்லை, கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். கீழ்ப்பகுதியில் குறுக்கே போட்ட ஒரே ஒரு தழும்பு, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, தானாக வரும் வலி என்றால் தழும்பு பிரிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. பிரிந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. அதை அவர் மென்று முழுங்கவில்லை. முயற்சி செய்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மற்றவர்களுக்குப் பாதி வலியில் சிசேரியன், அது நாள் குறித்துச் செய்வதைவிடச் சிரமமானது. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் பிரியும் ஆபத்து கூடும். அதே சமயம் மறுபடி மறுபடி கிழிப்பதும் சும்மா இல்லை. ஒவ்வொரு தழும்புக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அதன்மேல் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

தோழி வேதம்போலச் சொல்லும் ‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்பது 1916-ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர் சொன்னது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டுவார்கள், அந்தத் தழும்பு வலியில் பிரியும் பயம் அதிகம். வெட்டும் முறை மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 63.8. இத்தனை தழும்புகள் இருக்கும் ஊரில் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அவள் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி, “எப்போ இந்த முயற்சியை விட்டுருவ?” என்பது. அதற்கு டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். குழந்தையின் துடிப்பு மாறினாலோ, வலி விட்ட இடைவெளியிலும் தழும்பில் வலித்தாலோ, பிரசவம் முன்னேறாமல் நின்றாலோ நேரே தியேட்டர், மறுபேச்சு கிடையாது. இதைக் கேட்ட பிறகுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“அவ்ளோ வலி எதுக்குடி, நல்ல நட்சத்திரமா பார்த்து எடுத்துடலாம்ல” என்பதற்கு மட்டும் நான் வாயே திறப்பதில்லை. ஆபத்தைப் பற்றிக் கேட்டால் கேட்டுக்கொள்வேன், அவளுக்குப் பிடித்தது பிடிக்காததையெல்லாம் என் லேபர் ரூமுக்குக் கொண்டுவர வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்குப் பயங்கரச் செய்திகளை அனுப்புவதும் வேண்டாம் என்றேன். என் அம்மாவுக்குப் போன் போட்டு “நீங்களாவது சொல்லுங்கம்மா” என்று அழுதிருக்கிறாள்; அதற்கு மட்டும் கடுமையாகவே பேசினேன். “சொல்றதை என்கிட்ட சொல்லு, அம்மாவைக் கலங்கடிக்காத.” கோபித்துக்கொண்டு சில நாள் பேசவில்லை. பிறகு பூண்டு லேகியத்தோடு வந்து நின்றாள்.

இன்னும் அவளுக்கு இதில் இஷ்டமில்லை. எனக்கும் அவளை மாற்றும் உத்தேசமில்லை. கடைசியில் சிசேரியனில் முடிந்தால் “அப்பவே சொன்னேன்ல” என்று கட்டாயம் சொல்வாள். சொல்லட்டும், தையல் காய்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.