கடனுக்குக் காகிதம் உண்டு, பால் விலைக்கு இல்லை

தனியார் பால் கம்பெனி ஒரே ராத்திரியில் விலையைக் குறைத்ததற்காக, வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊர் கூட்டு ரோட்டில் மாடு வைத்திருக்கிறவர்கள் பாலைத் தரையில் கொட்டினதை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ சுற்றாத குரூப் இல்லை. அதில் பச்சைப் புடவையில் கேனைக் கவிழ்க்கிறவர் எனக்குப் பெரியம்மா முறை. இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ஒருவர், நான் மதிக்கிற மனிதர், "பாலைத் தரையில் கொட்டுகிறவர்களுக்குப் பசியின் அருமை தெரியாது" என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே எங்கள் ஊரைச் சேர்ந்த பிள்ளைகளே, பால் பணத்தில் படித்த பிள்ளைகளே, "உண்மை சார்" என்று போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பெரியம்மா கொட்டினது ஒரு வேளைப் பால். அதற்கு முந்தின ராத்திரி கம்பெனியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை யாராவது வீடியோ எடுத்தீர்களா? "நாளை காலை முதல் கொள்முதல் விலை லிட்டருக்கு 4 ரூபாய் குறைக்கப்படுகிறது." ஒரே வரி. காரணம் இல்லை, கையெழுத்து இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்த அந்தச் செய்தியைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. விடியற்காலையில் கறந்து எடுத்துக்கொண்டு போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. வேறு எந்தச் சரக்கையாவது விற்கிறவன், கொண்டுபோய்க் கொடுத்த பிறகு விலையைத் தெரிந்துகொள்கிறானா?

நான் கேட்பது ஒன்றுதான். விலையை எழுத்தில் கொடுங்கள். குறைப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். விலையே குறையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்னால் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

நெல்லை மூட்டை கட்டிப் போட்டு வைக்கலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை விலை வரும்வரை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். மல்லாட்டையும், அதான் நிலக்கடலையும், அப்படித்தான். பால் நிற்காது. கறந்த சில மணி நேரத்துக்குள் குளிரூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் திரிந்துவிடும். இன்றைக்கு விலை சரியில்லை, நாளைக்குக் கறந்துகொள்ளலாம் என்று மாட்டிடம் சொல்லவும் முடியாது. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும், காம்பு போய்விடும். காத்திருக்கவே முடியாத சரக்கை வைத்திருக்கிறவரிடம் ராத்திரியில் விலையை மாற்றுவது வியாபாரமே கிடையாது. எங்களுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தே செய்வது.

"விலை குறைந்தால் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தம்பி அறிவுரை சொல்லியிருந்தார். தம்பி, 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அதன் உடம்புக்கென்று ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று 4 கிலோ, ஆக ஐந்தரை கிலோ அடர்தீவனம் தினமும் வைக்க வேண்டும். இது போக வைக்கோல், பசும்புல், தாது உப்பு. இதில் கை வைத்தால் இரண்டு நாளில் பால் இறங்கும். இறங்கின பால், தீவனத்தை மறுபடியும் ஏற்றினாலும் அந்த ஈத்தில் பழையபடி ஏறுவது கஷ்டம். சினை ஊசி போட்டதிலிருந்து கன்று போட ஒன்பது மாதத்துக்கு மேல். கன்று போடுவதற்கு முந்தின இரண்டு மாதம் பால் வற்றி நிற்கும், அப்போதும் தீனி போட்டாக வேண்டும். எங்கள் கணக்கு மாதக் கணக்கில் ஓடுகிறது. கம்பெனியின் கணக்கு ஒரே ராத்திரியில் மாறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் வேண்டும் என்று கேட்பது திமிரா?

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தனியார் கம்பெனிக்குக் காகிதத்தில் எழுதத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் என் மாமியார் மாடு வாங்க அவர்களுடைய ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கினார். அதற்குப் புரோநோட்டு எழுதினார்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், சாட்சிக்கு ஆள் கூப்பிட்டார்கள். கடன் தீரும்வரை அவர்களுக்குத்தான் பால் ஊற்ற வேண்டும். வேறு இடத்தில் ஊற்றினால் மொத்தப் பணத்தையும் உடனே கட்ட வேண்டும். நாங்கள் கொடுக்க வேண்டியது எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அவர்கள் கொடுக்க வேண்டிய விலை எங்கேயும் இல்லை. கேட்டால் ஏஜெண்ட், "அது மேலேருந்து வர்றதும்மா, எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்கிறார்.

இதே கடலூர் மாவட்டத்தில் கரும்பு போடுகிறவர்களைப் பாருங்கள். ஆலையில் பதிவு இருக்கிறது, வெட்டு உத்தரவு இருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் மத்திய அரசு விலை அறிவிக்கிறது. 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாண்டினால் வட்டி. அந்தப் பணம் எல்லா இடத்திலும் ஒழுங்காக வருகிறதா என்று கேட்காதீர்கள். நிலுவைக்காகப் போராடின மாமன் மச்சான்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் போராடுவதற்குக் கையில் ஒரு சீட்டு இருந்தது. எங்கள் கையில், ஊற்றின பாலை ஏஜெண்ட் குறித்துக் கொடுக்கிற பால் அட்டை மட்டும்தான் இருக்கிறது. அதுவும் பென்சிலில் எழுதினது.

அட்டை என்றதும், பாலின் தரத்தைப் பார்க்கிற டெஸ்ட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்ட் வீட்டுத் திண்ணையில் சின்ன மெஷின் இருக்கிறது. ஒரு குப்பியில் பாலை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைப்பார்கள். முக்கால் நிமிஷத்தில் சிவப்பு எழுத்தில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பாலில் உள்ள மற்ற சத்து) இரண்டும் வந்து போகும். மெஷின் அவர் பக்கம் திரும்பி இருக்கும். எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்தவர் குப்பி உள்ளே போய்விடும். சீட்டு வராது. அவர் சொல்வதுதான், எழுதுவதுதான். மெஷின் ரிப்பேர் ஆன நாளில், பாலின் அடர்த்தியைக் காட்டுகிற லாக்டோமீட்டரை எடுத்துக் கறந்த சூடு ஆறாத பாலில் விடுவார்கள். சூடான பாலில் லாக்டோமீட்டர் அளவைக் குறைத்துத்தான் காட்டும், சூட்டுக்குத் தகுந்தபடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் முகாமில் சொல்லிக் கொடுத்தது. நான் அதைக் கேட்டதற்கு, "நீங்க படிச்சவங்க, வேற எடம் பாத்துக்குங்க" என்றார்கள். அன்றிலிருந்து மாமியார் என்னைப் பால் ஊற்ற அனுப்புவதில்லை. கடன் அவர் பேரில் இருக்கிறது அல்லவா.

சரி, "அப்புறம் ஏன் தனியாருக்குப் போனீர்கள்? நல்ல விலை கொடுத்தபோது அங்கே ஓடினீர்கள், இப்போது ஆவின் கூட்டுறவு சொசைட்டி வாசலில் வந்து நிற்கிறீர்கள்" என்று கேட்கிறவர்களுக்கு வருகிறேன். இதைக் கேட்கிறவர்களில் பலர் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள். அதிகச் சம்பளம் கிடைத்தால் வேலை மாறுவீர்கள், நாங்கள் யாரும் அதைத் துரோகம் என்று சொன்னதில்லை.

ஆவின் கொள்முதல் விலையைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் பசும்பால் 32 ரூபாய் ஆனது. அதற்கு அடுத்த உயர்வு 2022 நவம்பரில்தான், 35. மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் புண்ணாக்கும் தவிடும் அப்படியே நின்றதா? 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் 42 ரூபாய் கேட்டுப் போராடினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்து 38 ஆனது. இந்த இடைவெளியில் தனியார் வண்டி வாசலுக்கே வந்து இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தது, முன்பணமும் கொடுத்தது. போனோம். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியவர் வேறு என்ன செய்வார்?

அதே சமயம் கூட்டுறவை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே விலையைக் குறைக்க வேண்டுமானால் கூட அரசாங்கம் அறிவித்துதான் குறைக்க முடியும். ராத்திரி பத்து மணி வாட்ஸ்அப்பில் குறைக்க முடியாது. கொரோனா ஊரடங்கில் டீக்கடையும் ஹோட்டலும் மூடினபோது தனியார் பலர் எடுப்பதைக் குறைத்தார்கள், விலையையும் இறக்கினார்கள். எல்லாரும் சொசைட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் முடிந்த கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இறங்கினதே, அப்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாட்டை அவிழ்த்து ரோட்டு மேட்டில் கட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கறந்தோம். எந்த வண்டியும் வரவில்லை. ஸ்கூலில் தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் பெரிய குண்டானில் காய்ச்சிக் கொடுத்தோம். மீதியைக் கன்றுக்கு விட்டோம். அதைக் காய்ச்சி ஊற்றினவரும் இதே பெரியம்மாதான். பசியின் அருமை தெரியாது என்று எழுதினவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு பக்கம் "சந்தை அப்படி, பால் பவுடர் விலை விழுந்துவிட்டது, கம்பெனி என்ன செய்யும்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. மழை முடிந்து பசும்புல் கிடைக்கும் மாதங்களில் பால் கூடும். மிஞ்சின பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றித்தான் வைக்க வேண்டும். பவுடர் விலை விழுந்தால் நஷ்டம்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பவுடர் விலை ஒரே ராத்திரியில் விழவில்லையே. உங்களுக்கு வாரக்கணக்கில் தெரிந்ததை எங்களிடம் ஏன் பத்து மணிக்குச் சொல்கிறீர்கள்? பவுடர் விலை ஏறினபோது எங்களுக்கு ஏற்றினீர்களா? கடையில் பாக்கெட் விலையில் ஒரு ரூபாயாவது குறைந்ததா? சனிக்கிழமை பாகூரிலும் ரெட்டிச்சாவடியிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய விலைதான்.

நகரத்தில் பால் விலை ஏறினால் அன்றைக்கே எல்லாச் சேனலிலும் விவாதம். 2021-ல் தி.மு.க.வினர் ஆட்சிக்கு வந்த கையோடு ஆவின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், எல்லாரும் பாராட்டினோம். 2023 மே மாதம் அமுல் கிருஷ்ணகிரிப் பக்கம் பால் எடுக்க வந்தபோது அன்றைய முதலமைச்சரே மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கவலை நியாயமானதுதான், ஆவின் பால் எடுக்கிற பகுதி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரம் முழுக்க, பால் யாருக்குப் போக வேண்டும் என்று பேசினவர்கள், கறக்கிறவருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பேசினது எனக்குக் கேட்கவில்லை. எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே பேச்சு கலப்படத்துக்குப் போய்விடுகிறது, தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று. எங்கோ ஒருவர் செய்வதை வைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கொட்டகை கூட்டுகிற அத்தனை பெண்களையும் திருடி என்கிறீர்கள்.

பெண்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மாடு பார்ப்பது பெண்கள். புல் அறுப்பது, தண்ணி காட்டுவது, சாணி அள்ளுவது, கறப்பது, கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம். நெல் பணம் ஆண்கள் கைக்குப் போகும், எப்போது வந்தது, எங்கே போனது என்று தெரியாது. பால் பணம் ஒன்றுதான் இவர்கள் கையில் நேராக வருகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற அந்தப் பணத்தில்தான் மளிகை, மாத்திரை, பிள்ளைகளின் பஸ் செலவு. லிட்டருக்கு 4 ரூபாய் போனால் உங்களுக்கு அது ஒரு செய்தி. என் பெரியம்மாவுக்கு அது பெரியப்பாவின் சுகர் மாத்திரை. அன்றைக்குக் கேனைக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் போட விட்டிருக்க மாட்டேன்.

"பாலை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வரி. கொடுத்திருந்தால் நீங்கள் யாரும் எங்களைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேட்பது புதிதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2019-லேயே ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பேரிலேயே வேளாண் விளைபொருளோடு கால்நடையும் இருக்கிறது. கொள்முதல் செய்கிறவரும் விவசாயியும் முன்கூட்டியே விலை பேசி எழுதிக்கொள்வதுதான் அதன் அடிப்படை. அந்த மாதிரி ஒரு ஒப்பந்தம் பாலுக்கு எங்கள் ஏஜெண்ட் திண்ணையில் ஏன் இல்லை? விலை, அது எத்தனை நாள் நிற்கும், குறைக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு, டெஸ்ட் ரிசல்ட்டுக்கு அச்சடித்த சீட்டு, பணம் எந்தத் தேதியில். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். முன்பணத்துக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும்.

திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் பால் ஊற்றுகிறவர்கள் வந்தால் கூட்டம் கூடும். வருகிறவர்கள் பால் அட்டையின் ஜெராக்ஸும், முன்பணம் வாங்கியிருந்தால் அந்த எழுத்தின் போட்டோவும் எடுத்து வாருங்கள். ராத்திரி வந்த அந்த மெசேஜை யாரும் அழித்துவிடாதீர்கள். வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கிறோம், கூட்டு ரோட்டில் எட்டு மணிக்குள் நின்றால் போதும். காலைக் கறவையை முடித்துவிட்டே வரலாம்.