பரிசு எப்போது ஆர்வத்தைக் கெடுக்கும்?

"பரிசு கொடுத்தாலே உள்ளார்வம் (ஒரு வேலையை அதற்காகவே செய்யும் ஆசை) செத்துவிடும், 1973 ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அந்த ஆய்வில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் சோதித்தது ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்த சிறு பிள்ளைகளை. 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான். அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவே இல்லை. முன்கூட்டிப் பேசிய பேரம்தான் கெடுத்தது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகுகிறவருக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள். இருட்டோடு எழுந்து மரம் மரமாக நடப்பதில் தொடக்கத்தில் பெரும்பாலும் ஆசை இருக்காது. இல்லாத ஆசையைக் கூலி எப்படிக் கெடுக்கும்? சலிப்பான வேலைக்கு உளவியலாளர் டெசியின் குழுவினர் 1994இல் காட்டியது வேறு: காரணம் சொல்லுங்கள், கஷ்டத்தை ஒப்புக்கொள்ளுங்கள், கட்டாயத் தொனியைக் குறையுங்கள். "அஞ்சு மணிக்கு வந்தாகணும்" என்பதற்குப் பதில், "வெயில் ஏறினா பால் ஓட்டம் குறையும் மக்களே, தூக்கம் கெடும்னு எனக்கும் தெரியும். எந்த வரிசையில தொடங்கணும்னு நீயே பாரு."

இப்படித் தன்விருப்பத்துக்கு இடம் கொடுப்பது என்றால் இஷ்டம்போல் வெட்டுவது என்றும் நினைக்க வேண்டாம். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியை (மரக்கட்டையை) தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஏன் என்பதை மரத்தருகே நின்று காட்டலாம்.