காணும் பொங்கலுக்கு நான் மட்டும்

வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பொங்கல் போய்விட்டது. மதுரை வில்லாபுரத்தில் இந்த வீட்டில் நல்ல நாள் பெரிய நாளுக்கு நான் ஒருத்திதான். இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் மாறிவிடும். "ஐயோ, தனியாவா இருக்கீங்க?" அந்த "ஐயோ"வைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது.

போன வருஷம் அதை நானும் நம்பினேன். மகளுக்குத் தலைப்பொங்கல். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து என்று சீரை நானும் அண்ணனும் தேனியில் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பொங்கலன்று விடிந்தபோது எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வாசலில் கோலம்கூடப் போடவில்லை. மதியம் மகள் போன் பண்ணியபோது, "பொங்கல் வச்சு சாமி கும்பிட்டாச்சு" என்று பொய் சொன்னேன். பழைய சோறும் ஊறுகாயும்தான் சாப்பிட்டிருந்தேன். மாட்டுப் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், போனேன். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கக்கா" என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு நடுவில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் ஞாபகம் நெஞ்சை அடைத்தது. தனியாக இருந்தபோதுகூட அவ்வளவு இல்லை.

அதனால் இந்த வருஷம் எனக்கே எனக்காகப் பொங்கல் வைப்பது என்று மார்கழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். பரணில் இருக்கும் வெண்கலப் பானை ஆறு பேருக்கானது. அதை இறக்காமல், அரை ஆழாக்கு அரிசி வேகிற அளவில் ஒரு பித்தளைப் பானை வாங்கினேன். மொட்டை மாடியில் மூன்று செங்கல், கொஞ்சம் விறகு. பெரிய பானை நிதானமாகப் பொங்கும். இதில் கண்ணை எடுக்க முடியாது. அடுப்பைச் சரி பண்ணி நிமிர்வதற்குள் நுரை திரண்டு, கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் கொத்தைத் தொட்டு, கிழக்குப் பக்கமாக வழிந்தது. குலவை போட வேண்டும். குலவை என்பது நாலு பொம்பளைகள் சேர்ந்து போடுவது. ஒருத்தியாகப் போட வாய் வரவில்லை. முதல் தடவை தொண்டை அடைத்தது. இரண்டாம் தடவை தெரு முனை வரை கேட்டிருக்கும்.

எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக வெல்லம் தூக்கலாகத்தான் பொங்கல். அவருக்கும் மகளுக்கும் அப்படித்தான் பிடிக்கும். இந்தத் தடவை வெல்லத்தைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டிப் போட்டேன். எனக்குப் பிடித்த பக்குவம் அதுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் என்னை யாரும் தடுக்கவில்லை. உனக்கு எப்படி வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் வயதுப் பெண்கள் பல பேருக்கு இதே கதையாகத்தான் இருக்கும்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். அவனியாபுரம் வாடிவாசல் மைக் சத்தம் காற்று வாக்கில் கேட்டுக்கொண்டே இருந்து, சாயங்காலம் ஓய்ந்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரம் கஷ்டம்தான். விளக்கேற்றிவிட்டு மாடியில் நடப்பேன். தனியாக இருப்பவர்களைக் கூப்பிடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் பாவம் பார்க்காமல் விட்டுவிடுங்கள், அது போதும்.

மூன்றாம் நாள் ஊரே டிவியில் அலங்காநல்லூர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூக்குவாளியில் புளியோதரை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அப்புறம் பாறையில் வெட்டிய படி. முழங்கால் வலி; யாரும் அவசரப்படுத்தாததால் நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிலைகள் வரிசையாக இருக்கின்றன, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்கள் பெயர். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் கல்வெட்டு படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்: அதில் ஒன்று அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தி பெயர் ஆனைமலை, ஐவர்மலை என்று பல மலைகளில் இருக்கிறது. மகன் மலை மலையாகப் போய்விட்டான். அம்மா இங்கே ஒரு சிலை செய்ய வைத்து, தன் பெயரையும் வெட்ட வைத்திருக்கிறாள். அந்தப் பாறை நிழலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது கூட வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் "போலாமா" என்றிருப்பார்கள்.

இறங்கி வரும்போது மகள் போன். "அம்மா, அடுத்த வருஷம் மூணு நாளும் இங்க வந்துரு."

"ரெண்டு நாள் வர்றேன்டா. காணும் பொங்கலுக்கு எனக்கு மலைக்குப் போகணும்."

"தனியாவா?"

"ஆமா" என்றேன். இந்தத் தடவை அவள் "ஐயோ" சொல்லவில்லை. மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பஸ் வரும் வரை குணமதியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.