நெற்றியைத் துடைத்துவிட்டு வரச் சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் பகுத்தறிவாளர் கூட்டத்தில், கேள்வி கேட்க எழுந்த ஒரு பெண்ணைப் பேச்சாளர் மடக்கிய அந்த நாற்பது நொடிக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே முப்பது பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். பாதிப் பேர் சிரிப்புப் பொம்மையோடு. அதனால் நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. நான் அந்த அரங்கில் இருந்தேன். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி மன்றத்தின் செவ்வாடை உடுத்தி எழுந்து நின்ற அந்த அக்காவை அழைத்துப் போனதும் நான்தான். "வாருங்கள் அக்கா, எங்கள் கூட்டத்தில் யாரும் எதையும் கேட்கலாம்" என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போனேன். மூன்று நாளாக அந்த வாக்கு தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"நெற்றியில் இருப்பதைத் துடைத்துவிட்டுக் கேளுங்கள் அம்மா, பதில் சொல்கிறேன்."

இதைத்தான் பேச்சாளர் சொன்னார். அரங்கம் கைதட்டியது. கேள்வி கேள், எதையும் கேள் என்று இந்த மண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த இயக்கத்தின் கூட்டத்தில், கேள்வி கேட்க எழுந்த ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, அதை வெற்றி என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இருபத்தேழு ஆண்டுகளாக. என் திருமணத்தில் தாலி இல்லை, ஐயர் இல்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன், காரியம் செய்யவில்லை. அதற்காகப் பெரியப்பா வீட்டில் இன்றுவரை என்னோடு பேச்சில்லை. ஆகவே "நீ எந்தப் பக்கம்" என்று கேட்டு வராதீர்கள்.

காணொளியில் அக்காவின் கேள்வி பாதியில்தான் தொடங்குகிறது. முதல் பாதியை வெட்டிவிட்டார்கள். அவர் கேட்டது இதுதான்: "ஐயா, சாமி இல்லை என்கிறீர்கள், சரி. எங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது மன்றத்துப் பெண்கள் ஒரு மாதம் முறைபோட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தார்கள். நாளைக்கு நான் இதெல்லாம் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டால், எனக்கு ஒன்று என்றால் உங்கள் ஆட்களில் யார் வருவார்கள்?"

இதில் எங்கே மூடநம்பிக்கை இருக்கிறது? நாத்திகர்களைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கடினமான ஒன்றை நான் கேட்டதில்லை. பேச்சாளரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது நெற்றியைப் பார்த்தார்.

அந்த நெற்றியைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, கணவர் இறந்த பத்தாம் நாள், சொந்தக்காரர்கள் அவரை நடுவீட்டில் உட்காரவைத்துப் பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதன்பின் இரண்டு வருடம் வெறும் நெற்றியோடு, விசேஷ வீடுகளுக்குப் போகாமல், காலையில் தெருவில் யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி நின்றிருக்கிறார். மறுபடி அவருக்குப் பொட்டு வைத்துவிட்டது யார் தெரியுமா? நாம் இல்லை. வார வழிபாட்டு மன்றத்தில் இருந்த ஒரு பெண். "அம்மாவுக்கு முன்னால் எல்லோரும் பெண்கள்தான்" என்று சொல்லிக் குங்குமத்தை எடுத்து வைத்துவிட்டிருக்கிறார்.

மேல்மருவத்தூர் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் எந்தச் சாதிப் பெண்ணும் கருவறைக்குள் போய்த் தன் கையால் பூசை செய்யலாம், மாதவிலக்கு நாளிலும் தடையில்லை என்பது அங்கே பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது. தன் ஊர்க் கோயிலில் வாசலோடு நிறுத்தப்படும் ஒரு பெண்ணுக்கு அது என்ன கொடுத்திருக்கும் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்திருக்கிறோமா? அவருடைய நெற்றியில் நமக்கு அடிமைத்தனம் தெரிகிறது. அவர் அதை ஒரு சடங்கை எதிர்த்து வைத்திருக்கிறார். பத்தாம் நாள் சொந்தக்காரர்கள் செய்ததைத்தான் மேடையிலிருந்து நம் ஆள் செய்யச் சொன்னார். குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான தன் தங்கை மகளுக்கு வீட்டாரை மீறி மறுமணம் செய்துவைத்த பெரியாரின் படத்தை மேடையில் மாட்டிவைத்துக்கொண்டு!

பேச்சாளருக்கு இது தெரியாது என்பீர்கள். தெரியாதுதான். தெரியாதபோது கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். பதில் சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்.

இப்போது வரும்: "பெரியார் பிள்ளையாரை உடைக்கவில்லையா? அவர் புண்படாமலா பேசினார்?" உடைத்தார். 1953 மே 27 அன்று, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கோயிலில் இருந்த சிலையை அல்ல, மண்ணில் செய்த உருவத்தை, பொதுமேடையில். ஓர் அமைப்பை எதிர்த்து, அதிகாரத்தை எதிர்த்து. கணவனை இழந்த ஒரு பெண்ணின் நெற்றியை எதிர்த்து அல்ல. அதே பெரியார்தான் 1924இல் கேரளத்தின் வைக்கத்துக்குப் போய்ச் சிறையில் இருந்தார். எதற்காக? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தீண்டாமைக்கு ஆளான ஈழவரும் புலையரும் நடப்பதற்காக. இல்லாத கடவுளின் கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் நுழைய வேண்டும் என்று தொண்ணூறு வயதிலும் போராடினார். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராவதற்கு 1970இல் சட்டம் வந்தது, வழக்குகளைத் தாண்டி 2021இல் பணி நியமனங்கள் நடந்தன. நம்புகிறவனின் மானத்துக்காகப் போராடிய நாத்திகம் இது. சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் தன் மடத்தில் கொடுத்த திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பதை நம் மேடைகளில் பெருமையாகத்தான் சொல்கிறோம். நெற்றியைத் துடைத்துவிட்டு வாருங்கள் என்று அடிகளாரிடம் பெரியார் சொல்லவில்லையே.

"அவர்கள் மட்டும் நம்மை மதிக்கிறார்களா?" இல்லை. இது நியாயமான கேள்வி, இதைத் தட்டிவிட மாட்டேன். 2013 ஆகஸ்டில் புனேயில் காலை நடைக்குப் போன, மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். 2017இல் கோவையில், நம்பிக்கையை விட்டதற்காக நம் தோழர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாம் எதையும் பேசுவதற்குக் கொடுக்கும் விலை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்கா யாரைக் கொன்றார்? கத்தி வைத்திருப்பவனிடம் பேச முடியாத கோபத்தைக் குங்குமம் வைத்திருப்பவரிடம் காட்டுவது வீரமா? தபோல்கரும் கடவுளை நம்புகிறவர்களோடு சண்டை போடவில்லை. நம்பிக்கையின் பெயரால் ஏமாற்றுகிறவர்களோடுதான் சண்டை போட்டார்.

"மென்மையாகப் பேசி நீ எத்தனை பேரை மாற்றினாய்?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். ஒருவரையும் இல்லை. அக்கா இன்றும் வெள்ளிக்கிழமை மன்றத்துக்குப் போகிறார். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மகனுக்கு வலிப்பு வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். நான் ஓடிப் போய்ப் பார்க்கிறேன், பையனின் மூடிய கைக்குள் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேப்பிலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். "அக்கா, சாவியை எடுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தார். மறுநாள் அரசு மருத்துவமனைக்கு என்னோடு வந்தார். பையன் இன்றுவரை ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. தாயத்தும் கையில் இருக்கிறது, இருக்கட்டும். ஏன் என் பேச்சைக் கேட்டார்? ஆறு வருடமாக ஆடி மாதம் அவர் ஊற்றிய கூழை நான் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவர் கதையைக் கேட்டிருக்கிறேன். அதனால் கேட்டார். கூழ் குடித்த பகுத்தறிவாளன் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

எனக்கும் ஒரு காலம் இருந்தது. இருபது வயது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். நான் அதை எடுத்து, அவர் கண் முன்னாலேயே முடிச்சை அவிழ்த்து, அந்த ரூபாயைக் கொண்டுபோய் டீ குடித்தேன். புதிதாகப் படித்தவன் அல்லவா, அறிவு பொங்கிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்: "சாமி காப்பாற்றும் என்று நான் அதை முடியவில்லையடா. இரவில் எனக்குத் தூக்கம் வரவேண்டும் என்று முடிந்தேன்."

அந்த இரண்டு இரவும் அவர் தூங்கவில்லை. அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தூக்கத்தைக் கெடுத்த என்னிடம் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "நான் விழித்திருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள் அம்மா" என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. முடிச்சை அவிழ்க்க மட்டும் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, மதவாத அரசியல் தலையெடுக்கும் நேரத்தில் நம்மை நாமே விமர்சிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மதவாத அரசியலுக்கு அந்தக் காணொளியைவிடப் பெரிய நன்கொடை உண்டா? நேற்று மாலை வரை அதை யார் யார் பகிர்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அந்த அக்கா இதுவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை. இப்போது அவரைத் தேடி இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "பார்த்தீர்களா அம்மா, உங்களை எப்படி அவமானப்படுத்தினார்கள்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்மிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒருவரும். அவருடைய கேள்விக்கு நாம் கொடுத்த பதில் அதுதான்.

பின்னூட்டத்தில் அவரை மதவெறி பிடித்தவர் என்று எழுதியவர்களில் மூன்று பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். எனக்கு வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பேச்சாளரிடம் திங்கட்கிழமை இரண்டு முறை தொலைபேசியில் பேச முயன்றேன். எடுக்கவில்லை. "நகைச்சுவையாகச் சொன்னதைப் பெரிதாக்காதீர்கள் தோழர்" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை தோழர். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டே வந்தார்.

கூட்டத்தை நடத்தியவர்களுக்கு: முழுப் பதிவு உங்களிடம் இருக்கிறது. வெட்டிய முதல் பகுதியையும் சேர்த்துப் போடுங்கள். அவருடைய கேள்வி என்னவென்று ஊர் கேட்கட்டும். முடியாதென்றால் காணொளியை எடுத்துவிடுங்கள். பேச்சாளர் அவர் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க விரும்பினால் நான் அழைத்துப் போகிறேன், முகவரியைப் பொதுவில் போட மாட்டேன்.

வரும் ஞாயிறு கூட்டத்துக்கு நான் வரவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள். அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.